முதல் வரிசை

17-7-2003, வியாழன்

தூக்கம் வரவில்லை. ஆனாலும் மனசு குளுகுளுவென்று இருக்கிறது.

புதுக் கல்வித் திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க இன்று அதிகாரி வந்தார். அதற்காகவே "அனைவருக்கும் கல்வி" என்று சுவரில் பெயிண்டில் எழுதியிருந்தோம். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டத்தான் வரும். மானம் போய்விடும் என்று தலைமையாசிரியர் நேற்றே அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் சார் என்று கேட்டேன். "உன் வேலையப் பாரும்மா" என்றார், பிள்ளைகள் முன்னாலேயே.

பார்த்தேன். நேற்றுச் சாயங்காலமே டவுன்ஷிப் ஓரத்துக் குடிசைகளுக்கெல்லாம் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். இன்று முதல் வரிசையில் உட்காரவைத்தேன்.

"தினமும் வர்றியாம்மா?" என்று அதிகாரி அவர்களில் ஒருத்தியான செல்வியைக் கேட்டார்.

"வந்துகினுதாங்க இருக்கேன். இன்னிக்கு மட்டும் வராதன்னு பெரிய சார் சொன்னாருங்க."

தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. ஆசை தீரப் பார்த்தேன். எனக்கு இடமாற்றம் வரும், வரட்டும்.

மணி அடித்ததும் செல்வி என்னிடம் வந்தாள். "டீச்சர், நாளைக்கு வரலாமா?"

வா என்றேன். அவள்மேல் அவர் ஒரு விரல் வைக்கட்டும். அப்புறம் இருக்கிறது அவருக்கு.