என் படத்தைத் திரும்பக் கேட்டேன்

ஜூலை 8, 2025, செவ்வாய்
மூன்றாம் பீரியடில் மறுபடியும் ஒருவன் போனில். "டைவர்ஸ்னு போட்டிருக்கே, தனியாவா இருக்கீங்க?" என்றான். துண்டித்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன். விவாகரத்தானதும் அம்மா திருமணத் தளத்தில் என் படத்தோடு போட்ட விவரம் இது. எனக்கு இப்போது கல்யாணமே வேண்டாம். இந்த போன் ஓய்ந்தால் போதும்.

ஜூலை 11, வெள்ளி
தளத்துக்குப் போன் செய்து என் விவரத்தை நீக்கச் சொன்னேன். வரன் அமைந்துவிட்டதா என்று கேட்டாள் அந்தப் பெண். இல்லை, வேண்டாம், அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன் என்றேன். அப்படி ஒரு காரணம் அவள் கம்ப்யூட்டரில் இல்லையாம். சரி, அமைந்துவிட்டது என்றே போட்டுக்கொள்ளச் சொன்னேன். என் படத்தை நீக்க நான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூலை 19
தளத்தில் தேடினேன். நான் இல்லை. அப்பாடா.

ஜூலை 24, வியாழன்
அழைப்புகள் ஓயவில்லை. இன்று மூன்று பேர். கடைசி ஆளிடம் நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். வரன் பார்க்கும் வாட்ஸ்அப் குழுவில் வந்ததாம். படத்தையும் அனுப்பினார். நீலப் புடவை — போன வாரம் வீட்டில் அம்மா எடுத்தது. எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டாமா நான்?

ஜூலை 27, ஞாயிறு
அம்மாவிடம் கேட்டேன். மறைக்கவில்லை. அப்பாவுக்கு அக்டோபரில் ரிட்டயர்மென்ட். மைன்ஸ் வேலையோடு குவார்ட்டர்ஸும் போய்விடும். "இங்க இருக்கறப்பவே உனக்கு ஒண்ணு முடிச்சிடணும்னு பாத்தேன். காலி பண்ணிக்கினு வெளிய வடக்குத்து ஊர்ல வாடகை வூட்டுக்குப் போனா யாருடி மதிச்சி வருவான்?"
"அது என் மூஞ்சிம்மா. ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?" கத்திவிட்டேன். பெற்றவள் கேட்க வேண்டுமா என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 28
அம்மா டிபன் பாக்ஸ் மட்டும் கட்டி வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
நான் குளித்துக்கொண்டிருந்தபோது வந்த போனை அம்மா எடுத்திருக்கிறாள். நானென்று நினைத்து, அழைத்தவன் கண்டபடி பேசியிருக்கிறான். வெளியே வந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.
"இப்படித்தான் பேசறானுங்களா?"
"டெய்லிம்மா."
அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை, அசதியாக இருந்தது. மாலையில், தான் அனுப்பிய குழுக்களில் எல்லாம் படத்தை எடுத்துவிடச் சொல்லிக் குரல் பதிவு போட்டாள். பாதிப் பேர் எடுத்தார்கள். மீதி எங்கே சுற்றுகிறதோ.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
அப்பா புது நம்பர் வாங்கச் சொன்னார். பள்ளி, வங்கி, ஆதார் எல்லாமே இந்தப் பழைய நம்பரில்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "அவ எதுக்கு மாத்தணும்? அது அவ நம்பரு."
அழைப்புகள் நிற்கவில்லை, குறைந்திருக்கின்றன. சாப்பிடும்போது ஒன்று வந்தது. போனுக்குக் கை நீட்டிய அம்மா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.
"நான் எடுக்கட்டா?" என்று என்னிடம் கேட்டாள்.
சரி என்று தலையாட்டினேன்.