மூன்றாம் ஓலை

செப். 11, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. லேப்பில் கூட்டம், எல்லாம் காய்ச்சல் கேஸ். ஊசியைப் பார்த்ததும் ஒரு பொடியன் என் கையைக் கடித்துவிட்டான். பல் தடம் இன்னும் இருக்கிறது.

மதியம் மஸ்கட்டிலிருந்து போன், ரெ. (ரெஜின். ‘மாப்பிள்ளை’ என்று எழுதக் கை வரவில்லை.) சாப்பிட்டியா, மழையா எல்லாம் முடிந்து விஷயத்துக்கு வந்தார். கல்யாணம் முடிந்த மாதமே திரும்பிவிடுவார். குடும்ப விசா இப்போதைக்குக் கிடையாது. நான் வேலையை விட்டுவிட்டு அவர் ஊரான கருங்கலில் அவருடைய அம்மாவோடு இருக்க வேண்டும்.

“அம்மைக்கு முட்டு வலி. துணைக்கு ஒரு ஆளு வேணும். அதுக்குத்தானே இவ்வளவு அவசரமா கெட்டுகேன்.”

சாதாரணமாகத்தான் சொன்னார். நல்ல மனிதர்தான். அதனால்தான் இன்னும் வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்மா.”

“ரெண்டு ஓலை வாசிச்சாச்சு, இப்பம் வந்து சொல்லுகா பாரு. இந்தச் சாளைய பொரிக்கவா, கொழம்பு வைக்கவா?”

பொரிக்கச் சொன்னேன்.

போன இரண்டு ஞாயிறும் சபையில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். அவர் பெயர், என் பெயர், அப்பாமார் பெயர். “இதற்குத் தடை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்” என்று போதகர் நிறுத்தினபோது நான் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பெண்ணே எழுந்து தடை சொன்னதாக இந்த ஊரில் கேள்விப்பட்டதில்லை. வரும் ஞாயிறு மூன்றாவது ஓலை. அதோடு சரி.

செப். 12, வெள்ளி

வெயில். புழுக்கம். பிளவுஸ் அளவு கொடுக்கப் போனேன்.

தையல் அக்கா: “மூச்சை இழுத்துப் பிடிக்காத மக்ளே, பொறவு இறுகும்.”

நான் பிடிக்கவே இல்லை. இப்போதெல்லாம் மூச்சு அவ்வளவுதான் வருகிறது.

லேப்பில் ஷைனி. கூட வேலை செய்கிறவள், கல்யாண விஷயம் அவளுக்கு மட்டும்தான் முழுக்கத் தெரியும்.

“ஏட்டி, நாளைக்கு திருவனந்தபுரம் வருகியா? ஹிப்ஹாப் புரோகிராம். எனக்க அண்ணனுக்கு லீவு கெடைக்கல்ல. ஒரு டிக்கெட்டு சும்மா கெடக்கு.”

எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் கீர்த்தனைப் புத்தகத்தோடு முடிந்தது. ஆனாலும் சரி என்றேன். வீட்டில் சொன்னது: நைட் டியூட்டி.

எடுக்க: சார்ஜர், தலைவலி மாத்திரை, குடை. தேங்காய் எண்ணெய் வாங்க மறந்துவிட்டேன், அம்மா திட்டுவாள்.

செப். 13, சனி

ரயிலில் எழுதுகிறேன். கை ஆடுகிறது.

பெரிய மைதானம். சேறு. சின்னப் பிள்ளைகள், எல்லாருக்கும் பெரிய சட்டை. ஸ்பீக்கர் அதிர்ந்தது நெஞ்செலும்பில் தெரிந்தது. முதல் இரண்டு பேர் பாடியது மலையாளம், ஒரு வரியும் பிடிபடவில்லை. மூன்றாவதாக ஒரு பெண். நம் கடற்கரைப் பக்கத்துக்காரி, பேச்சிலேயே தெரிந்தது. என்னைவிடக் குள்ளம். வீட்டில் தன் பேச்சு எடுபடாததைத்தான் பாடினாள். இடையில் மைக்கோடு தடுப்புக் கம்பி அருகே வந்தாள்.

“மக்கா, இதுவரை யாருட்டயும் சொல்லாத ஒரு காரியம். சொல்லு பாப்போம்.”

ஒருவன் கணக்கில் பெயில் என்று கத்தினான். ஒரு பெண் மலையாளத்தில் என்னவோ சொல்லி அழுதாள். அடுத்து மைக் எனக்கு நேரே. ஷைனி இடித்தாள். “சொல்லு ஏட்டி, சொல்லு!”

வாயில் வந்தது: “எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.”

சண்டே ஸ்கூலிலிருந்து பழக்கம். மைக் கைக்கு வந்தால் முதல் வார்த்தை அதுதான்.

பாட்டுக்காரி சிரித்துவிட்டாள். டிஜே அதைப் பிடித்துக்கொண்டு தாளம் போட்டான். மைதானமே ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று குதித்தது. ஷைனிக்குச் சிரித்துச் சிரித்து வயிற்று வலி. நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. இத்தனை பேர் காது கொடுத்தார்கள், என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அங்கேயும் சொல்ல முடியவில்லையென்றால் எங்கே சொல்வேன்.

ஸ்டேஷனில் நாகர்கோவில் வண்டி லேட். எதிர் பிளாட்பாரத்தில் வடக்கே போகும் வண்டி.

ஷைனி: “வர்க்கலைக்குப் போவோமா? கடல் பாக்கலாம்.”

“நம்ம ஊருலயும் கடல்தானே கெடக்கு.”

“அந்தக் கரையில உனக்க மாமன்மாருல்லா நிக்கும்.”

ஏறிவிட்டோம். மாற்றுத் துணி இல்லை.

நான் இல்லாவிட்டால் நாளை வாசிக்க மாட்டார்களோ என்று ஒரு நப்பாசை. முட்டாள்தனம். ரெ. மஸ்கட்டில் இருக்கும்போதே இரண்டு வாசித்தாயிற்று.

செப். 14, ஞாயிறு

வர்க்கலை. மேகமூட்டம். ஒரு சேச்சி வீட்டு மாடியில் ரூம், போர்வையில் பூச்சிமருந்து வாடை. கீழே கடல் இரைகிறது, இறங்கிப் போக மனம் இல்லை.

அம்மாவுக்கு போன் செய்து டியூட்டி முடியவில்லை, கோவிலுக்கு வர முடியாது என்றேன்.

“நீ வந்தாலும் வரல்லேண்ணாலும் ஓலை வாசிக்கும். மத்தியானத்துக்கு வந்திரு, கோழி எடுத்திருக்கு.”

எங்கள் சபை ஆராதனை யூடியூபில் நேரலை, வளைகுடாவில் இருப்பவர்களுக்காக. போனைத் தலையணையில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கேமராவும் கமெண்டும் தம்பி ஜெனிஷ் பொறுப்பு. அம்மா நீலச் சேலை. கீழே ஆமென், ஆமென் என்று ஓடிக்கொண்டே இருந்தது.

போதகர் எங்கள் பெயரை வாசித்தார். “இது மூன்றாவதும் கடைசியுமான ஓலை. தடை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்.” நிறுத்தினார். யாரோ இருமினார்கள்.

டைப் செய்தேன். விரல் வழுக்கியது. “எனக்குத் தடை உண்டு. நான்தான் பெண்.” அனுப்பிவிட்டேன். ஷைனி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

போதகர் அதற்குள் காணிக்கைப் பாட்டு அறிவித்துவிட்டார். நேரலை எப்போதும் கொஞ்சம் பின்னால்தான் வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் டைப் செய்யும்போது அங்கே எல்லாரும் எழுந்து பாடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

என் வரிக்குக் கீழே குவைத்திலிருந்து மாமி: “ஆமென். காட் பிளஸ் யூ மக்ளே. கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாச்சு.” படித்துப் பார்த்தாளா, பெயரைக் கண்டதும் போட்டாளா?

மறுபடி பார்த்தபோது மாமியின் ஆமென் இருந்தது. என் வரியைக் காணவில்லை.

வாட்ஸ்அப்பில் ஜெனிஷ்: “அக்கா தெரியாம போட்டுட்டியா? நான் அழிச்சாச்சு. பேடிக்காத, யாரும் பாக்கல்ல.”

“தெரிஞ்சுதான் போட்டேன். போதகருட்ட போய் சொல்லு” என்று எழுதினேன்.

நீல டிக் வந்தது. குடும்ப குரூப்பில் எல்லாருக்கும் முன்னால் வாழ்த்து போட்டிருக்கிறான். மோதிரம், ரோஜாப்பூ, இரண்டு புறா.