பச்சை அலமாரியின் அளவுகள்

கடத்தூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பிளசிக்கு,

நானும் அம்மாவும் உன் தங்கை ஜாஸ்மினும் சுகம். மாலை ஜெபத்தில் உனக்கும் அயர்லாந்துக் குளிருக்கும் தினமும் இடம் உண்டு. முதலில் ஒரு முக்கியமான செய்தி. நம் தெரு நலச் சங்கம் இரண்டு கூட்டங்களும் மூன்று சுற்று டீயும் கழிந்தபின், ஒரு மர அலமாரிக்குப் பச்சை வண்ணம் அடிப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தது. நீலம் கேட்ட இருவர் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்கள். செயலாளர் என்ற முறையில் தீர்மானத்தை நான்தான் எழுதினேன்.

அந்த அலமாரி உன் நாவலில் வருவதுதான். போனில் சொல்லப் பயமாக இருந்ததால் எழுதுகிறேன். உன் புத்தகம் வந்த பெருமையில் முதல் மூன்று அத்தியாயங்களைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியது என் தவறு. பெண்களுக்குப் பெயர் போய் எண் வருவது, பொழுது சாய்ந்ததும் அவர்களுடைய செல்போன்களை வாங்கிப் பச்சை அலமாரியின் சிறு அறைகளில் பூட்டுவது, எல்லாம் பாதுகாப்புக்கு என்று சொல்வது, இதையெல்லாம் கேட்டால் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தலைவர் ராஜாமணி கண் கலங்கி, "அத்தனை தூரத்துல இருந்தும் உங்க பொண்ணு நம்ம தெருப் புள்ளைங்க பாதுகாப்பை நெனச்சிருக்குது பாருங்க சார்" என்றார். அலமாரி ஒரு குறியீடு என்று விளக்கினேன். தச்சர் கருப்பண்ணன், எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று கேட்டார். நீ நாற்பதாம் பக்கத்தில் அளவு கொடுத்திருந்தாய்.

அலமாரி நேற்றே சங்க அறைக்கு வந்துவிட்டது. கல்யாணமாகாத பெண்களின் போன் மாலை ஆறு முதல் காலை ஆறு வரை அதில் இருக்க வேண்டும். வாங்கி வைக்கும் பொறுப்பு அம்மாவுக்கு. உன் கதையில் கண்ணே, செல்லமே என்று கொஞ்சிக்கொண்டே போனைப் பிடுங்குகிற அக்காவை அம்மாவுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனாலும் வேறொருத்தி அதட்டி வாங்குவதற்கு நாமே அன்பாக வாங்குவது மேல் என்கிறாள். ஐந்தாம் அத்தியாயத்தில் அந்த அக்காவும் இதையேதான் சொல்கிறாள். அதே கதையில் யாரையும் அடிக்காமல், திட்டாமல், அழகான கையெழுத்தில் பதிவேடு மட்டும் எழுதும் குமாஸ்தாவை முதல் வாசிப்பில் நான் கவனிக்கவில்லை. நேற்று இரண்டாம் முறை படித்தேன். சங்கப் பதிவேட்டில் இருப்பதும் என் கையெழுத்துதான்.

ஜாஸ்மினுக்கு பெங்களூர் கம்பெனி ஒன்றில் வியாழன் மாலை ஏழு மணிக்கு வீடியோ காலில் நேர்காணல். மற்றபடி வீட்டில் இருப்பது என் பட்டன் போன்தான். விலக்கு கேட்டேன். செயலாளர் வீட்டுக்கே விலக்கு கொடுத்தால் தெருவில் யார் கட்டுப்படுவார்கள் என்று கேட்ட ராஜாமணி, விண்ணப்பம் எழுதித் தந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பார்க்கலாம் என்றார். முடியாது என்று சொல்லிவிடலாம். முப்பது வருடம் இருந்தும், சொன்னால் இந்தத் தெரு நம்மை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. ஜாஸ்மின் சண்டை போடவில்லை. "அக்கா கதையில அந்தப் பொண்ணு கடைசீல தப்பிச்சுக்குதாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அதை நீ வாசகர்களிடம் விட்டிருக்கிறாய் என்றேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இறைவன் உன்னைப் பத்திரமாக வைக்கட்டும். அடுத்த நாவலில் எதற்கும் அளவு எழுதாதே.

அன்பு அப்பா,
மதலைமுத்து

பி.கு. வெள்ளிக்கிழமை. நேற்று மாலை ஏழு மணிக்குப் பச்சை அலமாரியின் பதினேழாம் அறையில் ஜாஸ்மினின் போன் மூன்று முறை அடித்தது. சாவி வைத்திருக்கும் ராஜாமணி பாப்பாரப்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.