வியட்நாமுக்கு மெட்டி கூடாது

மார்ச் 12, வியாழன்.

வியட்நாம்ல அருவி வழியா கயிறு கட்டி இறங்கப் போறோம். வழிகாட்டி அனுப்பின பட்டியல்ல பாதி முடிஞ்சது. இன்ஷூரன்ஸ் போட்டாச்சு, ரப்பர் ஷூவும் வந்தாச்சு. உடம்புல நகை எதுவும் இருக்கக் கூடாதாம். தாலியை நேத்தே லாக்கர்ல வெச்சுட்டேன். மெட்டிதான் சோப்பு போட்டும் கழலல. பதினோரு வருஷம் முன்னாடி கல்யாணத்துல ரகு போட்டுவிட்டது.

நாளைக்கு வெள்ளிக்கிழமை, யாரும் வெட்டித் தர மாட்டாங்க. அதனால இன்னிக்கே ஆபீஸ்லேர்ந்து நேரா தி.நகர் போனேன். பாண்டி பஜார் பின்னாடி சந்துல ஒரு வெள்ளிப் பட்டறை. மெட்டியை வெட்டணும்னு சொன்னேன். பட்டறைக்காரர் என் வெறும் கழுத்தைப் பார்த்தார். ஸ்டூலைத் துடைச்சுப் போட்டார். வெட்டி முடிக்கிற வரைக்கும் நிமிரவே இல்ல.

"இந்த வயசுல இப்படி ஆயிடுச்சேம்மா. புள்ளைங்க இருக்கா?"

இல்லன்னு தலையாட்டினேன். ரகு நல்லாத்தான் இருக்கார்னு சொல்றது ஒரு நொடி வேலை. சொல்லல.

"தைரியமா இரும்மா"ன்னு ரோஸ் காகிதத்துல மடிச்சுக் கையில கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தா, ரகு ஹால்ல ரப்பர் ஷூவைப் போட்டு நடந்து பார்த்துட்டிருந்தார். "மெட்டி கழண்டுதா?"ன்னு போனைப் பார்த்துக்கிட்டே கேட்டார். ஆச்சுன்னேன்.

"அப்ப அதை டிக் பண்ணிடறேன்."

பொட்டலம் இன்னும் கைப்பையிலதான் கிடக்கு. கால் விரல்ல ஒரு வெள்ளைத் தடம். தொட்டா ஒண்ணும் தெரியல.

பட்டறைக்காரர் துடைச்சுப் போட்ட ஸ்டூல்ல இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம்.