உனக்கு நான் கொடுத்த பூட்டன்

போர்ட் பிளேரில், டெலானிபூர் வீட்டில் இன்று மருமகள் கேரமல் புட்டிங் செய்தாள். சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகக் கருகிவிட்டது. அந்த வாசனைக்கு நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கோபித்துக்கொண்டு போவதாக அவள் நினைத்திருப்பாள். உன் நினைவு வந்துதான் போனேன் என்று எப்படிச் சொல்வது? நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

ஏரித் தண்ணீர் போல அலையில்லாத குடாவுக்குள் ஒரு துண்டு நிலம், நாம் வேலை பார்த்த தீவு. வெள்ளைக்காரன் காலத்துக் கைதிகள் கல் சுமந்து கட்டிய பங்களா பிறகு விடுமுறை விடுதியானது. டிவி கிடையாது. மதியச் சாப்பாடு சூப்பில் தொடங்கி புட்டிங்கில் முடியும். நாலு மணிக்கு மணியடித்தால் டீ. நீ வெள்ளைக் கோட்டு போட்டுப் பரிமாறுவாய். நான் வந்தவர்களுக்கு இடிந்த சுவர்களைக் காட்டிச் சரித்திரம் சொல்வேன். பாதி சரித்திரம், மீதி என் வாய்.

அந்த வாய்தான் உன்னைக் கைதி வம்சமாக்கியது. ஒரு மழை நாளில் சுற்றிக் காட்ட முடியாமல், விருந்தினர்கள் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். உன்னைக் காட்டி, "இவரோட பூட்டன் இங்க கல்லு சுமந்த கைதி" என்று எடுத்துவிட்டேன். எல்லாரும் உன்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மேனேஜருக்குப் பிடித்துப்போய், இனி தினமும் சொல்லச் சொன்னார். பூட்டனுக்குப் பெயர் வைத்தேன், ஊர் வைத்தேன், கைதி எண்கூட வைத்தேன். நீ கோபப்படவில்லை. "எங்க பூட்டன் எங்க கல்லு சுமந்தாரு? தேயிலைச் செடிக்குல்ல கவ்வாத்து வெட்டுனாரு" என்று சமையலறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேற்றப்பட்டு, நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, சுனாமிக்குப் பிறகு தனியாளாகப் போர்ட் பிளேர் வந்தவன் நீ. ஒரு குற்றமும் செய்யாமல், குடியுரிமை இல்லையென்று நாட்டைவிட்டு அனுப்பப்பட்ட குடும்பம். அதற்கு நான் ஒரு குற்றத்தைத் தேடிக் கொடுத்தேன். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அப்புறம் அந்த அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும், லண்டனிலிருந்து மகனோடு வந்திருந்தார். டீயில் பால் வேண்டாம் என்றார். நீ குனிந்து, "அப்ப சாயத் தண்ணியாக் கொண்டாரவாம்மா?" என்று கேட்டாய். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க எந்தத் தோட்டம் அண்ணே? நாங்க அட்டன் பக்கம்."

நீ வாயைத் திறந்தாய். என் கதையை அன்று காலையில்தான் கேட்டவர்கள் பக்கத்து மேசையில் இருந்தார்கள், மேனேஜரும் நின்றிருந்தார். நான் முந்திக்கொண்டேன். "தோட்டமெல்லாம் இல்லைங்க மேடம். இவர் இங்கேயே பொறந்தவர். பூட்டன் காலத்துலேருந்து கைதிக் குடும்பம்."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம், "ஆமாங்கம்மா, சார் சொல்றது சரிதான்" என்றாய்.

அன்று சாயங்காலம் படகுத்துறையில்தான் உன் அக்காவைப் பற்றி முதல் தடவை சொன்னாய். அவளைக் கட்டியவருக்குச் சிலோன் குடியுரிமை கிடைத்ததால் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். "அதுவும் அட்டன் பக்கந்தான். இருக்கோ இல்லியோ. அந்தம்மாகிட்ட கேட்டிருக்கலாம்." காலையில் நானே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீயும் நம்பினாய்.

காலையில் அவருடைய பெட்டியை நான்தான் படகில் ஏற்றினேன். மேனேஜர் கைகூப்பி வழியனுப்பினார். நானும் கைகூப்பினேன். சாப்பாட்டறை வாசலிலிருந்து நீ பார்த்துக்கொண்டிருந்தாய். படகு போன பிறகு வந்து, "சோடோ யார், விடு. நாலு பேரு முன்னால உன்னையப் பொய்யனாக்கி எனக்கு என்ன கெடைக்கப் போவுது?" என்றாய். என்ன கிடைத்திருக்கும் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியும். வெட்கங்கெட்டவன், அதற்குப் பிறகும் இரண்டு சீசன் நான் அதே கதையைச் சொன்னேன். நீயும் பக்கத்தில் வந்து நின்றாய்.

போன மாதம் அட்டனில் விசாரித்துச் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடிப் பிடித்தேன். தம்பி போய்விட்டான் என்றாவது அக்காவுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். போனில் அவர் முதலில் அக்காவின் பெயரைக் கேட்டார். போனை வைத்துவிட்டேன். கேட்டுத் தெரிந்துகொள்ள உனக்கென்று வேறு யாரும் இல்லை. இல்லாத பூட்டனின் பெயரையும் ஊரையும் எண்ணையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உன் அக்காவின் பெயரை நான் ஒரு நாளும் உன்னிடம் கேட்டதில்லை.