வலது பதினொன்று, இடது ஒன்பது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் நினைப்பு. என் முழங்கால் மட்டும் தனியாக ஒரு கடிதம் எழுதும் அளவுக்குச் சேதி வைத்திருக்கிறது, அதை விடு. போன வாரம் செவ்வாய்க்கிழமை போனில் நீ, அப்பா ஏன் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கிறாரு, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார், வேறென்ன சொல்வது. அன்றைக்கு நான் சொன்னது பொய்தான். இப்போது அவர் கடைக்குப் போயிருக்கிறார், நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், அடுப்பில் எதையும் வைத்துவிட்டுப் படிக்காதே.

நம் செருப்புக்கடைக்கு இரண்டு தெரு தள்ளி, பிள்ளைகளுக்குக் கால் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்று திறந்திருக்கிறார்கள். பிறக்கும்போதே மூளையில் பாதிப்பு வந்து கை கால் இறுகிப்போன பிள்ளைகள். முழங்காலுக்குக் கீழே பாதம்வரைக்கும் கெட்டியான பிளாஸ்டிக்கில் ஒரு கூடு மாதிரி செய்து, பட்டை போட்டு இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள், பிரேஸ் என்கிறார்கள். அதைப் போட்டால் குதிகால் தரையில் பதிந்து பிள்ளை நிற்கும். அந்த பிரேஸை நிலையத்திலேயே இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்களாம், ஆனால் அதற்குமேல் போட ஷூ கிடைக்காது. வெறும் பிளாஸ்டிக்கோடு நடந்தால் வழுக்கும். பெற்றவர்கள் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் பிரேஸைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொள்கிறார்களாம். பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒருநாள் நம் கடைக்கு வந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, கேட்டு முடிப்பதற்குள் எத்தனை பிள்ளைங்க, பதினொண்ணா, சரி, எல்லாருக்கும் நானே சும்மா தர்றேன் என்று சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

அடுத்த நாளே அளவுப்பலகையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். டாக்டரம்மா அன்றைக்கு லீவு. இவர் என்ன செய்தார் தெரியுமா, ஒவ்வொரு பிள்ளையையும் நாற்காலியில் உட்காரவைத்து, பிரேஸைக் கழற்றச் சொல்லி, வெறுங்காலை அளந்து எழுதிக்கொண்டு வந்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷமாகக் காலுறையைக்கூடக் கழற்றச் சொல்லி அளக்கிற மனுஷன் அல்லவா, கை அந்தப் பழக்கத்துக்கே போய்விட்டது. அம்மாமார்களும் கடைக்காரருக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். வியாழக்கிழமை பதினோரு பெட்டியை அடுக்கி எடுத்துக்கொண்டு போனோம், நானும் கூடத்தான் போனேன். ஒரு ஷூவும் பிரேஸுக்குமேல் ஏறவில்லை. முதல் பிள்ளைக்கு ஏறாதபோதே அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் பதினோரு பிள்ளைகளும் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்களே, போட்டுப் பார்க்காமல் எழுந்து வர முடியுமா.

கடைசியாக ஆறு வயதுப் பெண் ஒன்று, எல்லோரும் சிட்டு என்று கூப்பிடுகிறார்கள், வாய் ஓயாது. அவளுக்கு வலது காலில் மட்டும்தான் பிரேஸ். அவள் அம்மா தையல்காரி. பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள், திங்கள் விட்டு அடுத்த திங்கள் திறப்பு. தூக்கிக்கொண்டு போக எங்களிடம் ஆள் இல்லை, கேட்டிலிருந்து வகுப்புவரைக்கும் தானே நடந்து வந்தால் உட்காரவைக்கிறோம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டாராம். அப்பா அந்த ஷூவை அவள் காலில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, ஷூ நல்லாத்தான் இருக்கு தாத்தா, என் கால்தான் சரியில்ல என்றாள். அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னாள், பாவம்.

அதோடு முடிந்தது. வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்டார், தூங்கினார், கடையைத் திறந்தார், மூடினார், பேச்சு மட்டும் இல்லை. நான் துருவித் துருவிக் கேட்டதற்கு ஒரே ஒரு தடவை, ஒரு குழந்தை வாயால அப்படிச் சொல்ல வச்சிட்டேனே என்றார். அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். நீ போன் செய்தது அப்போதுதான். ஐந்து நாள் பொறுத்தேன். எனக்குப் பொறுமை எவ்வளவு என்று நீயும் பார்த்திருக்கிறாய். நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா ஷூ பெரிசாயிடுமா, அவளுக்குப் பள்ளிக்கூடம் திறக்குது, உங்க வருத்தத்தை அதுக்கப்புறம் வச்சுக்கோங்க என்று நன்றாகக் கொடுத்தேன். புதன்கிழமை நானே நிலையத்துக்குப் போய், பிரேஸைப் போட்டு நிற்கவைத்துப் பதினோரு பிள்ளைகளின் காலையும் காகிதத்தில் வரைந்துகொண்டு வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பென்சில் பிடித்துப் பழக்கமில்லாத கை, கோடு கோணல்மாணலாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. இது காலா, பூசணிக்காயா என்றார். ஐந்து நாள் கழித்துப் பேசிய முதல் பேச்சு அதுதான். எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் ஆளைப் பிடிக்க முடியவில்லை. அகலமான வாய், விரல்வரைக்கும் திறக்கிற மாதிரி கயிறு, இரண்டு மூன்று அளவு கூட, உள்ளே இருக்கும் மெத்தைத்தகட்டை உருவிவிட்டால் இன்னும் கொஞ்சம் இடம் என்று பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டே நாளில் சரிசெய்துவிட்டார். சிட்டுவிடம் வந்து நின்றுபோனார். அவளுக்கு பிரேஸ் போட்ட வலது காலுக்குச் சின்னப் பிள்ளைகள் அளவில் பதினொன்று வேண்டும், இடது காலுக்கு ஒன்பதுதான். இரண்டும் பதினொன்றாகக் கொடுத்து இடதில் பஞ்சு அடைக்கலாமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, வேண்டவே வேண்டாம், தடுக்கி விழுவா என்று சொல்லிவிட்டார். இரண்டு ஜோடியைப் பிரித்தால்தான் வழி. ஜோடியைப் பிரிப்பது உன் அப்பாவுக்கு எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஒரு ஷூவை வெளியே காட்டினால் மற்றதை மடியில் வைத்துக்கொள்கிறவர். கல்யாணமான புதிதில் நான் தெரியாமல் எட்டையும் ஏழையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டதற்கு அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. ஒத்தை ஷூ இருக்கிற கடை கடையா என்பார்.

சனிக்கிழமை தையல்காரி சிட்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். எந்த நிறம் வேணும் என்று அப்பா கேட்டார். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், இதற்குமுன் யாரும் அவளை அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. யோசித்து யோசித்து, சிவப்பு என்றாள். அப்பா ஏணியில் ஏறிச் சிவப்பில் பதினொன்றும் ஒன்பதும் எடுத்தார். தரையில் உட்கார்ந்து இரண்டு பெட்டியையும் திறந்து, ஜோடி ஜோடியாக முன்னால் வைத்தார். பிறகு பதினொன்றில் வலது, ஒன்பதில் இடது எடுத்துக் காலில் போட்டுக் கயிற்றைக் கட்டினார். வலதில் உருவிய தகட்டை வெட்டி இடதில் சேர்த்துப் போட்டு உயரத்தைச் சரிபண்ணினார். சிட்டு எழுந்து நின்றாள். அலமாரியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிவரைக்கும் போனாள், ஒன்றையும் பிடிக்காமல் திரும்பி வந்தாள். மிஞ்சிய இரண்டு ஒற்றையையும் ஒரே பெட்டியில் போட்டு முன் அலமாரியில் வைத்திருக்கிறார். இடது காலில் பிரேஸ் போட்ட பிள்ளை ஒன்று எங்கேயாவது இருக்கும், வரும் என்கிறார்.

திங்கட்கிழமை அவள் கேட்டிலிருந்து வகுப்புவரைக்கும் நடந்தே போய்விட்டாள். நடுவில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டாளாம், மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாளாம், தலைமையாசிரியை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போய் உட்காரும்மா என்றாராம். இதெல்லாம் நேற்று தையல்காரி வீட்டுக்கு வந்து சொன்னதுதான். அவள் தைக்கிற அறை ஒரு நீளமான நடையின் கடைசியில் இருக்கிறது. சாயங்காலம் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது நடையில் டக், டக் என்று சத்தம், யாரோ துணி கொடுக்க வருகிறார்கள் என்று தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாளாம். வந்து நின்றது சிட்டு. அவ வர்ற சத்தத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லக்கா, எப்பவும் நான்தானே தூக்கிட்டு வருவேன், எனக்கு எம்பொண்ணுன்னே தெரியல என்றாள். நான் அழுதுவிட்டேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

இதைவிட வேறு சேதி இல்லை. பல் டாக்டரிடம் போகச் சொன்னேனே, போனாயா, போகாமல் போனேன் என்று சொல்லாதே. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, நிறைவாக இருக்க வேண்டும். லீவு கிடைத்ததும் வந்துவிடு, எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. நீ மாடிப்படி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு மூன்று வருஷமாகிறது, கண்ணு.

அன்புடன்,
உன் அம்மா