நாற்பத்திரண்டு மூட்டை சாப்பாடு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கவேண்டும். நீ அனுப்பிய உறை செவ்வாய்க்கிழமை வந்தது. உள்ளே உன் கடிதம் ஒரு தாள், நீயே எனக்காகத் தட்டச்சு செய்த மன்னிப்புக் கடிதம் ஒரு தாள், நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நான் கையெழுத்துப் போடவில்லை, போடப்போவதும் இல்லை. இப்போது ஒரு இடத்தில் உட்கார்ந்து மீதியைப் படி.

அப்பாவுக்குக் காது மிஷின் மாற்றியாகிவிட்டது. நான் பேச ஆரம்பித்தால் அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறார், கேட்டால் பேட்டரி தீர்ந்துவிடுமாம். இந்தப் பூங்கா விவகாரத்தில் அவர் காதில் விழுந்தது பாதி, உனக்குப் போனில் சொன்னது அதில் பாதி, நீ அதைப் பிடித்துக்கொண்டு பயந்தது முழுசு. சமையலறைக் கூரை ஒழுகுகிறது, பூங்காவுக்குள் இருக்கும் வீடு என்பதால் அலுவலகம்தான் சரிசெய்ய வேண்டும், என்மேல் விசாரணை நடக்கும்போது யார் வந்து ஓட்டை அடைப்பார்கள், அதனால் வாளி வைத்திருக்கிறேன். பூனை அந்த வாளியில்தான் தண்ணீர் குடிக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன வருடம் புது மேற்பார்வையாளர் வந்தார் அல்லவா, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பூங்காவில் கூட்டுகிற நாங்கள் எல்லோரும் அவரைப் பளபளப்பு என்றுதான் சொல்லுவோம். வந்த வாரமே தரையில் ஒரு இலை கிடக்கக்கூடாது என்று உத்தரவு. கூட்டி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே அனுப்ப வேண்டும். சரி, அவர் பெரியவர், சொல்லட்டும் என்று கிழக்குப் பக்கம் முழுவதும் அப்படியே செய்தோம். அந்த லாரி திரும்பி வரும்போது என்ன ஏற்றி வந்தது தெரியுமா, உர மூட்டை. மரம் போட்டதை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, அதே மரத்துக்குப் போட வேறு மூட்டை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஊரைச் சுற்றித் தொட்டதை அன்றுதான் பார்த்தேன். ஒரு கோடை போவதற்குள் கிழக்குப் பக்கம் மண் பிளந்துவிட்டது, தோண்டினால் ஒரு மண்புழு இல்லை, கிளறித் தின்ன வரும் பறவைகளும் மேற்குப் பக்கம் வந்துவிட்டன. மேற்குப் பக்கம் என் பொறுப்பு. அங்கே நான் இலையை மரத்தடியிலேயே தள்ளினேன், மிஞ்சியதைக் கருவி அறைக்குப் பின்னால் குவித்தேன். லாரிக்கு ஒரு மூட்டைகூடக் கொடுக்கவில்லை.

ஆனால் பதிவேடு என்று ஒன்று இருக்கிறதே. அதில் ‘அகற்றிய கழிவு’ என்று ஒரு கட்டம், எத்தனை மூட்டை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் அகற்றவும் இல்லை, அது கழிவும் இல்லை, பொய் எழுதக் கை வரவில்லை. கழிவு என்பதை அடித்துவிட்டு மேலே ‘சாப்பாடு’ என்று எழுதி, நாற்பத்திரண்டு மூட்டை என்று போட்டேன். அது தலைமை அலுவலகம் போயிற்று. அங்கே பதிவேட்டைப் படிக்கிற புண்ணியவான் மரத்தையே பார்த்திருக்கமாட்டார் போல, இரண்டு மாதம் கழித்து ஓலை வந்தது: நாற்பத்திரண்டு மூட்டை சாப்பாடு யாருக்கு வழங்கப்பட்டது, எத்தனை பேர் பயனடைந்தார்கள், அனுமதி கொடுத்தது யார் என்று மூன்று கேள்வி. அப்பா சிரித்த சிரிப்பில் காது மிஷின் குழம்புச் சட்டியில் விழுந்தது, புதுசு வாங்கியது அதனால்தான், அதை உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்.

கேட்டால் பதில் சொல்லவேண்டும் அல்லவா, சொன்னேன். வழங்கப்பட்டது மண்புழு, மரவட்டை, வண்டு, காளான், கண்ணுக்குத் தெரியாத கிருமி ஆகியோருக்கு. எத்தனை பேர் என்று எண்ணி முடியவில்லை. அனுமதி கொடுத்தது மரம், உதிர்த்ததே அதுதான். மேலதிகாரிகளைக் கேலி செய்தாள் என்று விசாரணை வைத்துவிட்டார்கள்.

போன வாரம் மாடி அறையில் விசாரணை. மூலையில் ஒரு பிளாஸ்டிக் செடி, அதன்மேல் ஒரு விரல் தூசி. விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேசுகிறவர். பளபளப்பு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கணக்கை எடுத்து விட்டார். நாற்பத்திரண்டு மூட்டை குவியலுக்குள்ளே போயிருக்கு, உரமா வெளிய வந்தது பதினோரு மூட்டைதான், மீதி முப்பத்தொண்ணு எங்க போச்சு, யாருக்குக் குடுத்தீங்க என்று. திருட்டுப் பட்டம், மகனே. இருபத்திரண்டு வருடம் அந்தப் பூங்காவிலிருந்து ஒரு பூகூடப் பறித்துத் தலையில் வைக்காதவள் நான். ஆனால் பதில் என்னிடம் இருந்தது. கொஞ்சம் அமுங்கியிருக்கும், மீதி மூச்சாகப் போய்விட்டது என்றேன். இலை மண்ணைத் தின்று வளர்ந்தது இல்லை ஐயா, முக்கால்வாசி காற்றையும் தண்ணீரையும் வெயிலை வைத்துச் சேர்த்தது. புழுவும் காளானும் அதைத் தின்று நம்மைப் போலவே மூச்சு விடுகின்றன, காற்றிலிருந்து வந்தது காற்றுக்கே போகிறது, தண்ணீர் ஆவியாகிறது, வெயிலிலிருந்து வந்தது சூடாக வெளியே போகிறது. மண்ணிலிருந்து எடுத்த சத்துதான் அந்தப் பதினோரு மூட்டையில் இருக்கிறது, அது போகக்கூடாது என்றுதான் காவல் இருக்கிறேன் என்றேன். பளபளப்பு வாய்க்குள்ளேயே, சரியான மக்கு என்றார். எனக்கா காது கேட்காது. ஆமாங்க, நான் மக்குதான், மக்கினால்தான் உரம், மக்காதது இந்த அறையில் அந்த மூலைச் செடியும் இன்னொருத்தரும்தான் என்றேன். அதிகாரி கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

பிறகு, வந்து தொட்டுப் பாருங்கள் என்று இருவரையும் கீழே கூட்டிப்போனேன். புல்லும் இலையும் கலந்து பத்து நாளுக்கு முன் போட்ட புதுக் குவியல், அதிகாரி முழங்கை வரை கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளே யாரும்மா நெருப்பு வச்சது என்றார். யாரும் வைக்கவில்லை, உள்ளே பந்தி நடக்கிறது, அவர்கள் சாப்பிடுகிற சூடு, போன வருட வெயில்தான் இப்போது வெளியே போகிறது என்றேன். வெயில் விருந்தாளி, வந்தால் கிளம்பிவிடும், நாளைக்கு வேறு வெயில் வரும். ஒருவர் தின்று அடுத்தவர் தின்னும்போதெல்லாம் பெரும்பங்கு இப்படிச் சூடாகவே போய்விடுவதால்தான் பூச்சி கோடி இருக்கிற இந்தத் தோப்பில் பருந்து ஒரே ஒரு ஜோடி, அதற்குமேல் கட்டுப்படியாகாது. சத்து அப்படி இல்லை, அது குடியிருக்கிறது, லாரியில் ஏற்றினால் வீட்டைக் காலி செய்தமாதிரி. அதிகாரி கையைக் கழுவிக்கொண்டே திருட்டு இல்லை என்று எழுதிவிட்டார். ஆனால் பதிவேட்டை அடித்துத் திருத்தியது தப்பு, அது கழிவுதான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பு எழுதிக்கொடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தா முடிச்சுடலாம், இல்லேன்னா வேலையும் வீடும் போகும் என்றார்.

இதற்குத்தான் நீ மன்னிப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறாய். நல்ல எழுத்து, ஒரு பிழை இல்லை. ‘நான் அறியாமையால் கழிவைச் சாப்பாடு என்று தவறாக எழுதிவிட்டேன்.’ அடித்துத் திருத்தியதற்கு மன்னிப்பு என்று மட்டும் இருந்தால்கூட யோசித்திருப்பேன். அறியாமையால் என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். கருவி அறையில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, நான் துடைப்பம் கட்டிக்கொண்டிருக்கும்போது பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்தது யார். சக்தி ஒரே திசையில் ஓடும், பொருள் சுற்றி வரும் என்று அறுபது தடவை கத்தினாய். நீ பரீட்சை முடிந்து மறந்துவிட்டாய், எனக்குப் பரீட்சை போன வாரம்தான் வந்தது. மாடி அறையில் நான் சொன்ன பதில் அத்தனையும் உன் குரலில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதை அறியாமை என்று நீயே எழுதி, நானே கையெழுத்துப் போடுவதா.

உன் பயம் எனக்குப் புரிகிறது. நான் ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, வீடு போனால் எங்கே போவீர்கள் என்று கேட்கிறாய், இங்கே வந்துவிடு என்கிறாய். அந்த வார்த்தைக்கு நீ நல்லா இரு. ஆனால் துரத்தப்பட்டு உன் வீட்டுக்கு வரமாட்டேன், வந்தால் விருந்தாக வருவேன். அப்பாவிடம் கேட்டேன், வீடு போனால் என்ன செய்வது என்று. மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, வாளி வைக்க வேண்டிய வேலை மிச்சம் என்றார். நாளை வெள்ளிக்கிழமை. பதிவேடு என் கைக்கு வரும், இந்த வாரம் ஆறு மூட்டை, என்ன எழுதுவேன் என்று உனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நீ எடுக்கிற காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். டீத்தூளைக் குப்பைத் தொட்டியில் கொட்டாதே, ஜன்னலில் வைத்திருக்கிறாயே ஒரு தொட்டிச் செடி, அதற்குப் போடு. நீ அனுப்பிய இரண்டு தாளில் அன்புள்ள அம்மாவுக்கு என்று தொடங்குகிற தாளைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். மற்றதைப் பொடியாகக் கிழித்துக் குவியலில் போட்டுவிட்டேன், அதுவும் ஒரு காலத்தில் மரம்தானே, அடுத்த மழைக்காலத்துக்குள் மண்ணாகிவிடும்.

இப்படிக்கு,
மக்கினாலும் மாறாத
உன் அம்மா